ஏலகிரி முகாமும் ஓர் அனுமதிக் கடிதமும்: பள்ளிப் பிள்ளைகள் வெளியே போன வரலாறு

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏலகிரியில் மூன்று பகல், இரண்டு இரவு 'சாகச முகாம்'. மலையேற்றம், கயிற்றில் இறங்குதல், ஜிப்லைன், கயாக், கேம்ப் ஃபயர் என்று நிகழ்ச்சிநிரல். டார்ச், தொப்பி, மாற்றுத் துணி என்று கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், முகாமில் என்ன அசம்பாவிதம் நேர்ந்தாலும் பள்ளியோ அமைப்பாளரோ பொறுப்பல்ல என்பதைத் தெரிந்துதான் பிள்ளையை அனுப்புகிறேன் என்று ஒரு வாக்கியம். அதற்கும் கீழே பெற்றோர் கையெழுத்துக்குக் கோடு.

இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று எத்தனை ஆயிரம் முறை அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பொத்தான்களை நானே செய்து கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் இந்தக் கோட்டில் பேனா வைக்க மனசு வரவில்லை. "எல்லாரும் கொடுத்துட்டாங்கப்பா, நீங்க மட்டும்தான்" என்றாள் மகள். "ஞாயிறு வரைக்கும் டைம் குடும்மா" என்றேன்.

அந்த ஞாயிறு வரை படித்ததும், ஏற்கெனவே படித்து மனதில் கிடந்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. என் கேள்வி எளிமையானது. பள்ளிக்கூடம் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போவது எப்போது தொடங்கியது? இந்தப் 'பொறுப்பல்ல' அதில் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது?

நம்ம ஊர்ப் பக்கம்

முதலில் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். குன்றத்தூர் முருகன் கோயில் படிகளில் ஏறி நின்றால் ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. வேறொரு பக்கம் பல்லாவரம், திரிசூலம் மலைகள். வெளியே நடந்து படிப்பது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் தொடங்கித் தெற்கே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு 100 அடிச் சங்கிலியை மறுபடி மறுபடி கிடத்தி ஒரு அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அந்தக் கோட்டில்தான் தொடங்கியது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆய்வுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. இரண்டுமே அறைக்குள் உட்கார்ந்து கிடைத்த அறிவு இல்லை. வெயிலில் நடந்து, குனிந்து பார்த்துக் கிடைத்தவை.

இந்த இரண்டு இடங்களும் இன்றைக்கு எங்கள் பிள்ளைகளின் பள்ளி வேன் ஓடும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பள்ளிச் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், வண்டலூர், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு தீம் பார்க்.

1916, சென்னை: காக்கி உடையும் தலைப்பாகையும்

பள்ளி வயதுப் பிள்ளைகளைத் திட்டமிட்டு வெளியே அழைத்துப்போய்ப் பழக்கும் இயக்கம் நமக்குச் சாரணர் வழியாகத்தான் வந்தது. 1907-ல் பேடன் பவல் இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் சுமார் 20 பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டு புத்தகம் வந்தது. 1909-ல் பெங்களூரில் முதல் சாரணர் குழு. ஆனால் அதில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் இடம். இந்தியப் பையன்களுக்கு வரைபடம் பார்க்கவும், தடம் பிடிக்கவும், அணியாகச் செயல்படவும் சொல்லிக்கொடுத்தால் அது எங்கே போய் முடியுமோ என்று ஆட்சியாளர்களுக்குப் பயம்.

அந்தக் கதவைத் தட்டியது சென்னை. 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார், ஜார்ஜ் அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சாரணர் சங்கத்தை இங்கே தொடங்கினார். அதே ஆண்டில்தான் அவருடைய ஹோம் ரூல் இயக்கமும் தொடங்கியது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, இந்தியப் பாட்டுகள் என்று சாரணியத்துக்கு உள்ளூர்ச் சட்டை போட்டுவிட்டார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோரின் சேவா சமிதி சாரணர் அமைப்பு இதேபோல வளர்ந்தது. 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் அமைப்பு அவருடைய அமைப்போடு இணைந்தது. விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று, பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவானது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் பட்டது அமைப்புகளின் பெயர் இல்லை, அந்தப் படிநிலை. அந்தக் காலத்துச் சாரணர் 'முதல் வகுப்பு' நிலைக்கு வரவேண்டுமானால் 50 கெஜம் நீந்த வேண்டும். தனியாகவோ இன்னொரு சாரணனோடு மட்டுமோ 14 மைல் பயணம் போய்வந்து, வழியில் பார்த்ததை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். ஆனால் அந்த 14 மைலுக்கு எடுத்த எடுப்பில் அனுப்ப மாட்டார்கள். அதற்குமுன் முடிச்சு, முதலுதவி, திசையறிதல், சமையல் என்று ஒவ்வொன்றாகத் தேறியிருக்க வேண்டும். இன்றைய பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான் என்ற வரிசையும் அதே தர்க்கம்தான். சோபான் என்றால் படி. படி ஏறின பிறகுதான் பயணம்.

அனுமதிக் கடிதம் கேட்கும் கேள்வி, "உன் அப்பா ஒத்துக்கொண்டாரா?" சாரணர் படிநிலை கேட்ட கேள்வி, "உனக்கு இது தெரியுமா?" இந்த இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட நூறு வருஷம்.

இதே காலத்தில் சென்னையில் இன்னொன்றும் நடந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றைக்கும் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் என்ற தொழிலே நம் நாட்டில் அங்கேதான் வேர்விட்டது என்று சொல்லலாம். ஆக 1920-களிலேயே சென்னை மாகாணத்தில் அமைப்பும் இருந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியரை உருவாக்கும் இடமும் இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆச்சு?

வேல்ஸ் கடற்கரையிலிருந்து உபின் தீவுக்கு

அதைச் சொல்வதற்குமுன் வெளியே ஒரு சுற்று. 1941, இரண்டாம் உலகப் போர் நேரம். கப்பல்கள் மூழ்கும்போது வயதான மாலுமிகளைவிட இளைஞர்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்று ஒரு பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தின் முதலாளி லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். பையன்களுக்கு உடம்பில் பலம் இருக்கிறது, அனுபவமும் நிதானமும் இல்லை என்பது அவர் கணிப்பு. அவரும், ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த கல்வியாளர் குர்ட் ஹானும் சேர்ந்து வேல்ஸில் அபர்டோவி என்ற கடலோர ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் 'அவுட்வர்ட் பவுண்ட்'. கப்பல் துறைமுகத்தை விட்டுக் கடலுக்குக் கிளம்புவதைக் குறிக்கும் சொல். 'அவுட்டோர் எஜுகேஷன்' என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வதன் முக்கியமான ஊற்று இது. பிள்ளைகள் பிழைத்துத் திரும்பவேண்டும் என்பதற்காகப் பிறந்த படிப்பு அது, பொழுதுபோக்குக்காக வந்தது இல்லை.

1967-ல், தனி நாடாகி இரண்டே ஆண்டு ஆன சிங்கப்பூரில், கோ கெங் ஸ்வீயின் முயற்சியில் உபின் தீவில் இதே பெயரில் ஒரு பள்ளி தொடங்கியது. 2016-ல் சிங்கப்பூர் அரசு ஒரு பெருந்திட்டத்தை அறிவித்தது. உயர்நிலை மூன்றாம் ஆண்டில் படிக்கிற எல்லாப் பிள்ளைகளும் ஐந்து நாள் அங்கே முகாமிட வேண்டும், வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் கலந்து ஒரே குழுவாக இருக்க வேண்டும் என்பது திட்டம். உயர்நிலை மூன்று என்றால் நம்ம ஊர் ஒன்பதாம் வகுப்பு வயசு. அங்கிருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் போகிறார்கள். பணக்காரப் பள்ளி, சாதாரணப் பள்ளி என்ற வித்தியாசம் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்பதும் நோக்கத்தில் ஒன்று.

அங்கே எல்லாம் ஒழுங்கு, ஒரு குறையும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021 பிப்ரவரியில் சிங்கப்பூரில் ஒரு பள்ளி முகாமில் உயரக் கயிற்றுப் பாதையில் 15 வயது மாணவர் ஒருவர் சிக்கி இறந்தார். உடனே எல்லாப் பள்ளிகளிலும் உயரம் சார்ந்த பயிற்சிகளை நிறுத்தினார்கள். விசாரணை நடந்தது. விபத்து எங்கும் நடக்கும். நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இமயமலைப் படிப்பும் பூரி கிழங்கும்

இந்தியாவுக்குத் திரும்புவோம். 1953-ல் டென்சிங் எவரெஸ்ட் ஏறியதும் நேருவின் ஆர்வத்தில் 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சி நிலையம் பிறந்தது. களப்பயிற்சிக்கு டென்சிங்கே இயக்குநர். முதல்வர் மேஜர் நரேந்திர தர் ஜயால். இந்த ஜயால், டேராடூன் டூன் பள்ளியின் மாணவர். அந்தப் பள்ளியில் ஜாக் கிப்சன், ஹோல்ட்ஸ்வொர்த், குர்தியால் சிங் போன்ற ஆசிரியர்கள் மலையேறுபவர்களாகவும் இருந்தார்கள். குர்தியால் சிங் தலைமையில் 1951-ல் திரிசூல் சிகரம் ஏறப்பட்டது. மலையேறும் ஆசிரியர், அவரிடம் படித்த மாணவர், அந்த மாணவர் நடத்திய நிலையம். சங்கிலி தெளிவாகத் தெரிகிறது. 1965-ல் உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் வந்தது. எல்லாம் வடக்கே, பனி மலைக்குப் பக்கத்தில்.

தெற்கில் சாதாரணப் பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? 1948-ல் சட்டமாகி வந்த என்.சி.சி., 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிப் பிறகு மேல்நிலைப் பள்ளிக்கும் வந்த என்.எஸ்.எஸ்., பழைய சாரணர், பிற்பாடு பசுமைப்படை. என் வயதுக்காரர்களிடம் என்.சி.சி. பற்றிக் கேட்டால் பாதிப் பேர் பரேடு முடிந்ததும் கிடைத்த பூரி கிழங்கைத்தான் முதலில் சொல்வார்கள். கேலிக்குச் சொல்லவில்லை. கூடாரம் அடிப்பது, வரைபடம் படிப்பது, இரவில் காவல் நிற்பது இதையெல்லாம் அரசுப் பள்ளிப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே இடம் அதுதான்.

ஆனால் மெல்ல மெல்ல ஒன்று நடந்தது. பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போனது. பத்தாவது வந்தாலே சாரணருக்கு விடுமுறை. சான்றிதழ் மட்டும் தங்கியது, ஏனென்றால் அதற்குச் சேர்க்கையில் பயன் உண்டு. வெளிப்படிப்பு, விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டமாகிவிட்டது.

இன்னொரு பக்கம் அது பாடப்புத்தகத்துக்குள் போனது. சி.பி.எஸ்.இ. பதினோராம் வகுப்பு உடற்கல்விப் பாடத்திட்டத்தில் சாகச விளையாட்டுகளின் பொருள், நோக்கம், வகைகள் என்று ஒரு பகுதி இருந்தது. பாறையேற்றம், ராஃப்டிங், மலையேற்றம், அலைச்சறுக்கு எல்லாம் அதில் உண்டு. ஒன்பது, பத்தாம் வகுப்பில் 'சுற்றுலா அறிமுகம்' என்று ஒரு விருப்பப் பாடமே உண்டு. ராஃப்டிங் என்றால் என்ன என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எழுதுகிற பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்க அந்தத் தேர்வில் இடமில்லை.

கடைசியாக அது பேக்கேஜ் ஆனது. தலைக்கு இவ்வளவு, ஏ.சி. பஸ், மூன்று வேளை சாப்பாடு, ஜிப்லைன் ஒரு தடவை. சாரணர் ஆசிரியர் இடத்தில் டூர் ஆப்பரேட்டர். படிநிலைத் தேர்வு இருந்த இடத்தில் அனுமதிக் கடிதம். 'பொறுப்பல்ல' எப்போது ஒட்டியது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பழக்கும் வேலையைப் பள்ளி கைவிட்டதும், பொறுப்பைக் கைவிட ஒரு தாள் தேவைப்பட்டது.

லைம் விரிகுடா, 1993

தாள் போதாது என்று ஒரு நாடு புரிந்துகொண்ட கதையை இங்கே சொல்ல வேண்டும். 1993 மார்ச் 22. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா. பிளிமத் ஊர்ப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் 8 பேர், ஒரு ஆசிரியர், ஒரு தனியார் சாகச மையத்தின் பயிற்றுநர்கள் இரண்டு பேர், கயாக்குகளில் கடலில் இறங்கினார்கள். ஆசிரியரின் கயாக் கவிழ்ந்துகொண்டே இருந்தது. அவரைக் கவனிக்க ஒரு பயிற்றுநர் நின்றுவிட, மற்றவர் எட்டுப் பிள்ளைகளின் கயாக்குகளையும் ஒன்றாகப் பிடித்துச் சேர்த்து நின்றார். காற்று அவர்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. குளிர்ந்த நீர், அலை. கயாக்குகள் ஒவ்வொன்றாக மூழ்கின. திரும்ப வேண்டிய நேரம் தாண்டிப் பல மணி நேரம் கழித்துத்தான் மீட்பு வந்து சேர்ந்தது. நான்கு பிள்ளைகள் இறந்தார்கள்.

விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. முந்தைய ஆண்டே அந்த மையத்தில் வேலை பார்த்த இரண்டு பயிற்றுநர்கள், இங்கே பாதுகாப்பு போதாது, மாற்றாவிட்டால் பெரிய விபரீதம் நடக்கும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு வேலையை விட்டிருக்கிறார்கள். 1994-ல் அந்த நிறுவனமும் அதன் நிர்வாக இயக்குநரும் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் ஒரு நிறுவனமே அந்தக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது அதுதான் முதல்முறை. 1995-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பாறையேற்றம், குகை, மலைநடை, நீர் விளையாட்டு நடத்துபவர்கள் உரிமம் வாங்க வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார். நான்கு பிள்ளைகளின் மரணத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டே ஆண்டு.

என் வேலையில் ஒரு சர்வர் விழுந்தாலே மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்து, எந்த நிமிஷத்தில் என்ன நடந்தது, யார் எச்சரித்தார்கள், ஏன் கேட்கவில்லை என்று வரிசையாக எழுதுவோம். யாரையும் திட்டுவதற்காக அல்ல, அதே காரணத்தால் மறுபடி விழக்கூடாது என்பதற்காக. லைம் விரிகுடாவுக்கு அப்படி ஒரு பதிவு இருக்கிறது.

நம்முடைய பட்டியல்

2014 ஜூன் 8. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா போன பொறியியல் மாணவர்கள் இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்தார்கள். 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2024 ஜனவரி 18. வதோதராவில் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா போன பிள்ளைகளின் படகு கவிழ்ந்தது. ஏற்ற வேண்டிய அளவைவிட அதிகம் பேர். 12 பிள்ளைகள், 2 ஆசிரியைகள்.

நடுவில் 2018. அந்த ஆண்டை மத்திய சுற்றுலாத் துறை 'சாகசச் சுற்றுலா ஆண்டு' என்று அறிவித்திருந்தது. அதே ஆண்டு மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் என்னைப் போல ஐ.டி.யில் வேலை பார்த்தவர்கள், என்னைவிட இளையவர்கள். அந்த வாரம் எங்கள் அலுவலக கேன்டீனில் வேறு பேச்சே இல்லை.

அவர்கள் பள்ளி மாணவர்கள் இல்லையே, இந்தக் கட்டுரையில் அவர்கள் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருஷம் படித்தவர்கள்தானே. தீ எப்படி ஓடும் என்பது ஒரு பீரியடில் சொல்லிக்கொடுக்கக்கூடிய இயற்பியல். சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஓடும். காரணம், சுடரும் சூடான காற்றும் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்து, சூடாக்கிவிடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் வைத்திருக்கும் பொதுக்கணக்கு. ஆளுயரக் காய்ந்த புல்லில் மேலே ஓடித் தப்பிப்பது மிகக் கடினம். பக்கவாட்டில், ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ, புல்லில்லாத பாறைக்கோ போகப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல் எப்படி இருக்கும் என்பது புவியியல். இதைக் கற்றிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. இறந்தவர்கள் மேல் பழி போடவும் இல்லை. ஆனால் ஓமின் விதியை எனக்கு மூன்று வகுப்புகளில் மூன்று முறை சொல்லிக்கொடுத்தார்கள். இதை ஒரு முறைகூட யாரும் சொல்லவில்லை.

குரங்கணிக்குப் பிறகு தமிழக வனத்துறை மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' வந்தது. 40 பாதைகள், எளிது, மிதம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கட்டாயம். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைப் பழங்குடியினர். காட்டுத்தீ பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். தாமதமாக வந்தாலும் சரியான திசை. ஆனால் அது வனத்துறையின் பாதைகளுக்கு. தனியார் நிலத்தில் கயிறு கட்டி, குட்டையில் கயாக் விட்டு, பள்ளிப் பிள்ளைகளை அழைக்கும் முகாம்களுக்கு இங்கிலாந்து 1995-ல் செய்ததுபோல ஒரு சட்டம் இன்னும் நமக்குத் தேவை.

கல்குவாரிக் குட்டைகள்

இவ்வளவு ஆபத்து என்றால் பிள்ளைகளை வெளியே அனுப்பாமலே இருந்துவிடலாமே? என் அம்மா அதைத்தான் சொன்னார். எனக்கும் ஒரு நாள் முழுக்க அதுதான் சரி என்று பட்டது. மனசை மாற்றியது எங்கள் ஊர்தான்.

குன்றத்தூர், மாங்காடு, பல்லாவரம் வட்டாரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் நிறைய. கல் எடுத்து முடித்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிற்கும். சிக்கராயபுரம் குவாரிகளில் நின்ற தண்ணீரை 2017 பஞ்சத்தில் சென்னைக்குக் குடிநீராக எடுத்தார்கள் என்றால் ஆழத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குட்டைகளுக்கு ஓரம் கிடையாது. ஏரி மாதிரி மெல்ல ஆழமாகாது, ஒரே அடியில் செங்குத்தாக இறங்கும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இப்படி ஒரு குட்டையில் குளிக்கப் போன பள்ளிப் பையன் மூழ்கினான் என்ற செய்தி வட்டாரப் பக்கத்தில் நாலு வரியில் வந்துபோகும். அந்தப் பிள்ளைகள் யாரும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேறு வேறு ஷிஃப்ட். பகலெல்லாம் பையன் தனியாக இருக்கிறான். வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் கண்ணில் படுகிறது.

பிள்ளைகள் சாகசத்தை எப்படியும் தேடிப் போவார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கூட இருப்பாரா இல்லையா என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்கிறோம்.

சொல்லிக்கொடுக்க இங்கே ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு, ஜனவரி தொடங்கிச் சில மாதங்கள், இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைப் பாதுகாக்கிறது. கயிறும் இல்லை, ஜிப்லைனும் இல்லை. இருட்டு, மணல், பொறுமை. கோவளத்தில் மூர்த்தி மேகவன் போன்ற மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார்கள். அதே கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சையும், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வியும் 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார்கள். முத்தமிழ்ச்செல்வி அதற்குச் சில ஆண்டுகளுக்குமுன் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கிக் காட்டியது எங்கே தெரியுமா? மலைப்பட்டில். ஒரகடம் போகும் ஆலைப் பேருந்துகளுக்குப் பக்கத்தில் இருக்கிற மலை.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிறு ராத்திரி ஒரு வெள்ளைத்தாளில் ஆறு கேள்வி எழுதினேன். கயிற்றுப் பயிற்சி தருபவர் எங்கே பயிற்சி பெற்றவர்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? உயிர்காப்புச் சட்டை எல்லா அளவிலும் இருக்கிறதா? நீந்தத் தெரியாத பிள்ளைகள் யார் யார் என்று கேட்டுக் குறித்திருக்கிறீர்களா? பக்கத்து மருத்துவமனை எது, எவ்வளவு நேரம்? மழையோ மின்னலோ வந்தால் எதை நிறுத்துவது என்று யார் முடிவு செய்வார்? திங்கட்கிழமை வகுப்பு மிஸ்ஸிடம் கொடுத்தேன். "சார், இதுவரைக்கும் யாருமே இப்படிக் கேட்டதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாங்கிப் படித்துவிட்டு, நாலாவது கேள்வியில் கொஞ்சம் நின்றார்.

மூன்று நாளில் பதில் வந்தது. நான்கு கேள்விக்கு உருப்படியான பதில். கயாக் பயிற்றுநர் பற்றி 'அனுபவமுள்ளவர்' என்று மட்டும். நாலாவது கேள்விக்குப் பதிலாக எல்லாப் பெற்றோருக்கும் ஒரு புதுத் தாள் போனது: உங்கள் பிள்ளைக்கு நீந்தத் தெரியுமா, ஆம் அல்லது இல்லை. என் மகளின் வகுப்பில் 38 பிள்ளைகளில் 'ஆம்' என்று வந்தது ஏழு.

மகளுக்கும் நீந்தத் தெரியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெண். அந்த 31 பேரில் அவளும் ஒருத்தி என்றால் அந்தத் தப்பு பள்ளியோடது இல்லை, என்னோடது.

'பொறுப்பல்ல' வாக்கியத்தை அடித்துவிட்டு, கயாக் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளி வாங்கிக்கொண்டது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போய்வந்ததும் மலையேறின கதையை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். இந்த வாரத்திலிருந்து காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் நீச்சல் வகுப்புக்குப் போகிறோம். எனக்கும் நீந்தத் தெரியாது.